சிங்கப்பிடரிக் காளான் மறதியைத் தடுக்குமா?

அம்மாவுக்கு 67 வயது. ஓராண்டாகத் தெரிந்தவர்களின் பெயர்கள் நாக்கு நுனி வரை வந்து நின்றுவிடுகின்றன, காலையில் சொன்னதை மாலையில் புதிதாகச் சொல்வதுபோலச் சொல்கிறார். மூளைக்கு நல்லது என்று விற்கப்படும் காளான் கேப்சூலை வாங்கிக் கொடுக்கலாமா, எந்தக் காளான், எவ்வளவு காலம் என்று கேட்டிருக்கிறீர்கள். மருந்தியல் கற்பிப்பது என் தொழில். இந்தக் காளான்கள் பற்றிய ஆய்வுகளைப் பல ஆண்டுகளாக ஆர்வத்தோடு படித்துவருகிறேன். நேரடியாகச் சொல்லிவிடுகிறேன்: சாப்பாட்டில் காளானை இன்றே சேர்த்துக்கொள்ளுங்கள். கேப்சூலை ஒரு மாதம் தள்ளிப் போடுங்கள். அந்த ஒரு மாதத்துக்குள் அம்மாவை மருத்துவரிடம் அழைத்துப் போய் இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

பரிசோதனையை முதலில் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. என் பெரியம்மாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது. வீட்டில் எல்லோரும் வயதாகிவிட்டது என்று நினைத்தோம். யாரோ சொன்னதைக் கேட்டு எட்டு மாதம் ஏதேதோ ஞாபகசக்தி மாத்திரைகள் வாங்கிக் கொடுத்தோம். பிறகு ஒருநாள் பாதத்தில் மரத்துப்போகிறது, நடக்கும்போது தள்ளாடுகிறது என்றார். அப்போதுதான் வைட்டமின் பி12 பார்த்தார்கள். அளவு தரைமட்டத்தில் இருந்தது. அவர் பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மினும், அமிலம் சுரக்காமல் இருக்க இன்னொரு மாத்திரையும் சாப்பிட்டுவந்தவர். இரண்டுமே உடல் பி12 சத்தை ஈர்த்துக்கொள்வதைக் குறைப்பவை. ஊசி போடத் தொடங்கிய சில மாதங்களில் பேச்சில் தெளிவு திரும்பியது, ஆனால் கால் மரத்துப்போனது முழுமையாகச் சரியாகவில்லை. நரம்பு பாதிக்கப்பட்டு நாளாகிவிட்டால் அப்படித்தான் ஆகும். அந்த எட்டு மாதத்தை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் ஆறவில்லை.

எனவே பி12, தைராய்டு, சர்க்கரை, சோடியம், இரத்த அழுத்தம் எல்லாவற்றையும் பாருங்கள். தூக்கத்தில் பலமாகக் குறட்டை விட்டு மூச்சு நின்று நின்று வருகிறதா, காது சரியாகக் கேட்கிறதா, மனச்சோர்வு இருக்கிறதா என்றும் கவனியுங்கள். அம்மா சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். தூக்க மாத்திரைகளும், ஒவ்வாமைக்கான பழைய வகை மாத்திரைகள் சிலவும், சிறுநீர் அடக்கமின்மைக்குத் தரப்படும் சில மருந்துகளும் முதியவர்களின் நினைவாற்றலை மங்கச் செய்கின்றன. இவற்றில் ஒன்று காரணமாக இருந்தால் உலகத்தின் எந்தக் காளானும் அதைச் சரிசெய்யாது.

இனி காளானுக்கு வருவோம். மூளையைப் பொறுத்தவரை பேசத் தகுந்த அளவுக்குச் சான்று உள்ளது ஒன்றே ஒன்றுக்குத்தான். அதன் அறிவியல் பெயர் ஹெரிசியம் எரினேசியஸ், ஆங்கில வழக்கில் லயன்ஸ் மேன், அதாவது சிங்கப்பிடரி. குடையும் தண்டும் கொண்ட வழக்கமான காளான் உருவம் இதற்குக் கிடையாது. பட்டுப்போன மரத்தில் ஒரு வெள்ளைப் பந்து ஒட்டிக்கொண்டிருப்பதுபோல இருக்கும். அந்தப் பந்திலிருந்து மெல்லிய முட்கள் ஆயிரக்கணக்கில் கீழ்நோக்கித் தொங்கும். தொட்டால் குத்தாது, ஈரப் பஞ்சுபோல மெத்தென்று இருக்கும். முதிர முதிர வெண்மை போய் மஞ்சள் படரும். சீனர்கள் இதைக் குரங்குத் தலைக் காளான் என்கிறார்கள், வயிற்றுக் கோளாறுகளுக்கு நெடுங்காலமாகப் பயன்படுத்துகிறார்கள். ஜப்பானியப் பெயர் யமபுஷிடாகே. மலைகளில் தவம் செய்யும் யமபுஷி துறவிகளின் மேலாடையில் தொங்கும் உருண்டைக் குஞ்சங்களை இது நினைவூட்டியதால் வந்த பெயர்.

மூளையோடு இதற்கு உறவு ஏற்பட்டது 1990களில். ஜப்பானின் ஷிசுவோகா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹிரோகாசு கவாகிஷியும் அவருடைய குழுவினரும் 1991ஆம் ஆண்டில் இந்தக் காளானிலிருந்து ஹெரிசினோன் என்ற சேர்மங்களைப் பிரித்தெடுத்தார்கள். 1994இல் அதன் பூஞ்சை இழைகளிலிருந்து, அதாவது மரத்துக்குள் வேர்போலப் பரவியிருக்கும் பகுதியிலிருந்து, எரினாசின் என்ற இன்னொரு வகையைக் கண்டுபிடித்தார்கள். ஆய்வகத்தில் வளர்க்கப்பட்ட எலிச் செல்களில் இவை நரம்பு வளர்ச்சிக் காரணி என்ற புரதத்தின் உற்பத்தியைத் தூண்டின.

அந்தப் புரதத்தின் கதையைச் சொல்லாமல் கடக்க எனக்கு மனமில்லை. அதைக் கண்டுபிடித்தவர் இத்தாலியைச் சேர்ந்த ரீட்டா லெவி மொன்டால்சினி. முசோலினி ஆட்சியில் யூதர் என்பதால் பல்கலைக்கழக வேலையை இழந்தவர். படுக்கையறையையே ஆய்வகமாக்கிக் கோழி முட்டைக் கருக்களின் நரம்புகளை ஆராய்ந்தார். போருக்குப் பிறகு அமெரிக்காவில் அந்த ஆய்வைத் தொடர்ந்து, ஸ்டான்லி கோஹெனுடன் 1986இல் நோபல் பரிசு பெற்றார். 103 வயது வரை வாழ்ந்தார். நரம்புச் செல்கள் வளரவும் கிளைக்கவும் உயிரோடு நிலைக்கவும் இந்தப் புரதம் தேவை. நினைவாற்றலுக்கு முக்கியமான அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் இதைப் பெரிதும் சார்ந்திருக்கின்றன. அல்சைமர் நோயில் முதலில் அடிபடும் செல்களில் அவையும் அடக்கம்.

அப்படியானால் அந்தப் புரதத்தையே கொடுத்துவிடலாமே என்று தோன்றும். விஞ்ஞானிகளுக்கும் தோன்றியது. அது பெரிய மூலக்கூறு என்பதால் இரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைய முடியாது. 1990களில் ஸ்வீடனில் மூன்று அல்சைமர் நோயாளிகளின் மூளைக்குள்ளேயே நேரடியாகச் செலுத்திப் பார்த்தார்கள். முதுகுவலியும் எடைக்குறைவும் வந்ததால் நிறுத்த வேண்டியதாயிற்று. பிறகு அதன் மரபணுவை மூளைக்குள் ஊசிவழி செலுத்தும் சோதனை 49 பேரிடம் நடந்தது. 2018இல் வெளியான முடிவுப்படி பலன் தெரியவில்லை. இறந்த நோயாளிகளின் மூளையைப் பின்னர் ஆராய்ந்தபோது, செலுத்திய மரபணு உரிய செல்களை எட்டவே இல்லை என்று தெரிந்தது. இந்தப் பின்னணியில் பார்த்தால்தான் காளானின் சிறிய மூலக்கூறுகள் மேல் ஏன் இவ்வளவு ஆர்வம் என்பது புரியும். மூளைக்குள் நுழையக்கூடிய, அங்கேயே அந்தப் புரதத்தைச் சுரக்கவைக்கக்கூடிய ஒரு பொருள் கிடைத்தால் அது பெரிய விஷயம். எரினாசின் ஏ எலிகளின் மூளைக்குள் சென்றடைவது காட்டப்பட்டிருக்கிறது. ஹெரிசினோன்களின் நிலை இன்னும் குழப்பமானது. மனித மூளைக்கட்டியிலிருந்து வளர்த்த செல்களில் காளான் சாறு வேலை செய்தது, ஆனால் தனித்துப் பிரித்த ஹெரிசினோன்கள் வேலை செய்யவில்லை. சாற்றில் உண்மையில் எது வேலை செய்கிறது என்ற கேள்வி அதனால் எழுந்தது.

எலியும் செல்லும் இருக்கட்டும், மனிதர்களிடம் என்ன நடந்தது என்பதே உங்களுக்கு வேண்டியது. அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ஆய்வு ஜப்பானில் நடந்து 2009இல் வெளியானது. 50 முதல் 80 வயது வரையிலான, லேசான நினைவுக்குறைவு உள்ள 30 பேர். பாதிப் பேருக்குக் காளான் மாத்திரை, மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. ஒரு நாளைக்கு 250 மில்லிகிராம் மாத்திரை வேளைக்கு நான்கு வீதம் மூன்று வேளை, ஆக 3 கிராம், 16 வாரங்கள். 8ஆம் வாரத்திலிருந்து காளான் பெற்றவர்களின் நினைவுத்திறன் மதிப்பெண் மற்றவர்களைவிட உயர்ந்தது, 16ஆம் வாரம் வரை உயர்ந்துகொண்டே போனது.

விளம்பரங்கள் இதோடு நிறுத்திக்கொள்கின்றன. அதே ஆய்வின் இன்னொரு முடிவு எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது. மாத்திரையை நிறுத்திய நான்கே வாரத்தில் மதிப்பெண் மறுபடி கணிசமாகச் சரிந்தது. மூளையில் புதிய இணைப்புகள் உருவாகி நிலைத்திருந்தால் இவ்வளவு விரைவில் சரியக்கூடாது. சாப்பிடும் வரை ஏதோ ஓர் ஊக்கம் கிடைக்கிறது, நிறுத்தினால் போய்விடுகிறது என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன். சேதமடைந்த மூளையைக் காளான் மீட்டுக் கட்டுகிறது என்ற விற்பனை வாசகத்துக்கு இதில் ஆதாரம் இல்லை.

அதற்குப் பின் வந்தவையும் சிறிய ஆய்வுகளே. 2019இல் ஜப்பானில் 50 வயதுக்கு மேற்பட்ட ஆரோக்கியமானவர்களுக்கு நாளொன்றுக்கு 3.2 கிராம் வீதம் 12 வாரம் கொடுத்தார்கள். மூன்று சோதனைகளில் ஒன்றில் முன்னேற்றம், இரண்டில் இல்லை. 2020இல் தைவானில், எரினாசின் ஏ மிகுந்த பூஞ்சை இழைப் பொடியை ஆரம்பநிலை அல்சைமர் நோயாளிகளுக்கு 49 வாரம் கொடுத்ததில், அன்றாட வேலைகளைத் தாமே செய்துகொள்ளும் திறனில் ஓரளவு வேறுபாடு தெரிந்தது. வயிற்று உபாதை, குமட்டல், தோல் தடிப்பு காரணமாகச் சிலர் பாதியில் விலகினார்கள். இங்கிலாந்தின் நார்த்தம்பிரியா பல்கலைக்கழகத்தில் 18 முதல் 45 வயது வரையிலான 41 பேருக்கு 1.8 கிராம் கொடுத்த ஆய்வு 2023இல் வெளியானது. ஒரு மணி நேரத்தில் ஒரே ஒரு சோதனையில் வேகம் கூடியது. மற்ற பெரும்பாலான அளவீடுகளில் மாற்றமில்லை.

இவற்றைச் சேர்த்து எடை போட்டால், இந்தக் காளானில் ஏதோ இருக்கிறது என்றே நான் நம்புகிறேன். ஆனால் 30 பேர், 40 பேர் கொண்ட ஆய்வுகளில் தற்செயலாகவும் நல்ல முடிவு வந்துவிடும். பல நூறு பேரைச் சேர்த்து, சில ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தால்தான் ஒரு மருத்துவர் தைரியமாக எழுதிக் கொடுக்க முடியும்.

மற்ற காளான்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரெய்ஷி காளானின் வித்துத்தூளை 42 அல்சைமர் நோயாளிகளிடம் ஆறு வாரம் சோதித்தார்கள். 2018இல் வெளியான அந்த ஆய்வில் பலன் காணப்படவில்லை. கார்டிசெப்ஸ் புழுவின் உடலில் வளரும் பூஞ்சை. சோர்வுக்கும் உடல் வலிமைக்கும் பேர்போனது, ஆனால் நினைவாற்றலுக்கு மனிதர்களிடம் சொல்லும்படியான சான்று இல்லை. சாகா என்ற காளானின் பொடியை முதியவர்களுக்குக் கொடுக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. சிறுநீரகத்தில் படிகமாகப் படியக்கூடிய ஆக்சலேட் அதில் மிக அதிகம். ஜப்பானில் 72 வயதுப் பெண் ஒருவர் தினமும் நான்கைந்து தேக்கரண்டி சாகா பொடியை ஆறு மாதம் சாப்பிட்டதில் சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் வரை போனது மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. சைலோசைபின் உள்ள போதைக் காளான்கள் முற்றிலும் வேறு வகை. பெரும்பாலான நாடுகளில் சட்டம் தடுத்திருக்கிறது, நீங்கள் கேட்டதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

இப்போது சாப்பாட்டுக் காளான். எனக்கு அதிகம் பிடித்த பகுதி இதுதான், விளம்பரத்தில் குறைவாகப் பேசப்படுவதும் இதுதான். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் 60 வயதைக் கடந்த 663 பேரை ஆராய்ந்து 2019இல் ஒரு முடிவை வெளியிட்டது. ஒரு பங்கு என்பது சமைத்த காளான் சுமார் 150 கிராம். வாரத்துக்கு இரண்டு பங்குக்கு மேல் சாப்பிட்டவர்களிடம் லேசான அறிவாற்றல் குறைபாடு இருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாக இருந்தது. அவர்கள் சாப்பிட்டவை மொட்டுக் காளான், சிப்பிக் காளான், ஷிடாகே போன்ற சாதாரண வகைகள். ஜப்பானில் 65 வயதைக் கடந்த 13,230 பேரை 5.7 ஆண்டுகள் பின்தொடர்ந்தபோது, வாரத்துக்கு மூன்று முறையோ அதற்கு மேலோ காளான் சாப்பிட்டவர்களுக்கு மறதி நோய் வருவது, வாரத்துக்கு ஒரு முறைக்கும் குறைவாகச் சாப்பிட்டவர்களைவிட 19 சதவீதம் குறைவாக இருந்தது. காளான் சாப்பிடுகிறவர்கள் காய்கறிகளையும் அதிகம் சாப்பிடுபவர்களாக, நடமாட்டம் உள்ளவர்களாக இருக்கலாம். மறதி தொடங்கியவர்கள் சமைப்பதையே குறைத்துக்கொண்டிருக்கலாம். எனவே காளான்தான் காத்தது என்று இந்த ஆய்வுகள் நிரூபிக்கவில்லை. ஆனாலும் இரண்டும் ஒரே திசையைக் காட்டுகின்றன.

அதற்கு ஏற்ற காரணமும் ஒன்று இருக்கக்கூடும். எர்கோதயோனைன் என்ற சேர்மத்தை 1909இல் சார்லஸ் டான்ரே என்ற பிரெஞ்சு வேதியியலாளர் ஒரு பூஞ்சையிலிருந்து கண்டுபிடித்தார். மனித உடலால் அதைத் தயாரிக்க முடியாது, உணவிலிருந்துதான் வர வேண்டும், காளானில்தான் அது மிகுதி. அதை உள்ளிழுத்துக்கொள்ள நம் செல்களில் தனியாக ஒரு கடத்தி இருக்கிறது என்று 2005இல் தெரியவந்தது. தேவையற்ற ஒன்றுக்கு உடல் இப்படி வாசல் அமைத்து வைக்காது என்று எண்ணத் தோன்றுகிறது. ஆக்சிஜனேற்றச் சேதத்திலிருந்து செல்களைக் காப்பது அதன் வேலையாக இருக்கலாம். மொட்டுக் காளானைவிடச் சிப்பிக் காளானிலும் ஷிடாகேயிலும் அது பல மடங்கு அதிகம், சமையல் சூட்டையும் தாங்கும்.

சிங்கப்பிடரிக் காளான் புதிதாகக் கிடைத்தால் கேப்சூலைவிட அதையே நான் தேர்ந்தெடுப்பேன். அந்த 2009 ஆய்வில் கொடுத்தது சாறு அல்ல, காயவைத்து அரைத்த வெறும் காளான் பொடி. புதிய காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். ஆக 3 கிராம் பொடி என்பது சுமார் 30 கிராம் புதிய காளான். சமைக்கும்போது கத்தியால் வெட்டாமல் முட்களின் போக்கிலேயே கையால் பிய்த்துப் போடுங்கள். எண்ணெய் ஊற்றாத சூடான வாணலியில் போட்டுக் கரண்டியால் அழுத்தினால் தண்ணீர் கொப்பளித்து வெளியேறும். அது வற்றிய பிறகு எண்ணெய் விட்டுப் பொன்னிறமாக வறுத்தால் நண்டுக் கறிபோல நார் நாராக வரும். எந்தக் காளானாக இருந்தாலும் நன்றாக வேகவைத்துச் சாப்பிட வேண்டும். அதன் செல்சுவரில் கைட்டின் என்ற கடினமான பொருள் இருக்கிறது, பச்சையாகச் செரிப்பது கடினம். வேகாத ஷிடாகே சிலருக்குச் சாட்டையால் அடித்ததுபோலத் தோலில் சிவந்த கோடுகளை உண்டாக்கும். காட்டில் முளைத்ததைப் பறிக்கவே வேண்டாம்.

கேப்சூல் பக்கம் போனால் முதல் சிக்கல் உள்ளே என்ன இருக்கிறது என்பது. அமெரிக்காவில் ரெய்ஷி என்று விற்கப்பட்ட 19 பொருள்களைச் சோதித்து 2017இல் வெளியிட்டார்கள். ஐந்து மட்டுமே சீட்டில் சொன்னபடி இருந்தன. இரண்டாவது சிக்கல் தானியம். பல தயாரிப்பாளர்கள் பூஞ்சை இழையை அரிசியிலோ ஓட்ஸிலோ வளர்த்து, இழை வேறு தானியம் வேறு என்று பிரிக்காமல் மொத்தமாக அரைத்துவிடுகிறார்கள். இதை வீட்டிலேயே சோதிக்கலாம். இரண்டு கேப்சூலைப் பிரித்துப் பொடியைக் கால் டம்ளர் தண்ணீரில் ஐந்து நிமிடம் கொதிக்கவையுங்கள். முழுவதும் ஆறட்டும், சூடாக இருந்தால் நிறம் பிடிக்காது. தெளிந்த நீரில் காயத்துக்குப் போடும் அயோடின் மருந்து இரண்டு சொட்டு விடுங்கள். கருநீலமாக மாறினால் நீங்கள் காசு கொடுத்தது பெரும்பாலும் மாவுக்கு. பழுப்பு நிறமாகவே நின்றால் மாவு அதிகம் இல்லை என்று பொருள். அதனால் அது நல்ல காளான் என்று உறுதியாகிவிடாது, மோசமான ஒன்றை ஒதுக்க இந்தச் சோதனை உதவும், அவ்வளவுதான்.

பூஞ்சை இழை என்றாலே மட்டம் என்று எண்ணவும் வேண்டாம். எரினாசின் இருப்பதே இழையில்தான். தைவான் ஆய்வில் பயன்படுத்தியது திரவத்தில் வளர்த்த, தானியம் கலக்காத இழை. சீட்டில் எந்தப் பகுதி, எப்படி வளர்த்தது, காளானின் செல்சுவரில் உள்ள நார்ப்பொருளான பீட்டா குளூக்கான் எத்தனை சதவீதம் என்று எழுதியிருக்க வேண்டும். வெறுமனே பாலிசாக்கரைடு (மாவுச்சத்தையும் உள்ளடக்கிய பொதுப்பெயர்) சதவீதம் போட்டிருந்தால் அதில் தானிய மாவும் சேர்ந்துவிடும். ஐந்தாறு காளான்களைக் கலந்து ஒரே கேப்சூலில் அடைத்தவற்றை வாங்காதீர்கள். 500 மில்லிகிராமை ஆறாகப் பிரித்தால் ஆய்வில் கொடுத்த அளவுக்கு அருகில்கூட வராது.

அம்மா இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், ஆஸ்பிரின் போன்ற எதையாவது சாப்பிடுகிறார் என்றால், அல்லது அறுவை சிகிச்சை நெருங்குகிறது என்றால் ரெய்ஷி வேண்டாம். சிங்கப்பிடரியையும் மருத்துவரிடம் கேட்டபின்னரே கொடுங்கள். சர்க்கரைக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மருந்து எடுத்தாலும் மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பூஞ்சை ஒவ்வாமையோ ஆஸ்துமாவோ இருந்தால் தொடங்கவே வேண்டாம். அல்சைமர் நோய்க்கென மருத்துவர் ஏதாவது மருந்து எழுதியிருந்தால் காளானை நம்பி அதை நிறுத்திவிடக் கூடாது.

பரிசோதனைகள் முடிந்து, வேறு காரணம் எதுவும் இல்லை என்று தெரிந்து, மருத்துவரும் ஆட்சேபிக்காவிட்டால், கொடுத்துப் பார்ப்பதில் தவறில்லை. அப்போது முறையாகச் செய்யுங்கள். தொடங்கும் முன் மருத்துவரைக் கொண்டு நினைவுத்திறன் மதிப்பெண்ணை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு நோட்டில் வாரத்துக்கு ஒருமுறை மூன்று விஷயங்களை மட்டும் குறியுங்கள்: சொன்னதையே திரும்பச் சொன்னது எத்தனை முறை, பெயர் வராமல் தவித்தது எத்தனை முறை, மாத்திரை சாப்பிட மறந்தது எத்தனை முறை. ஒரே காளான், நாளொன்றுக்கு 3 கிராம் பொடி, 16 வாரம். முதல் வாரம் 1 கிராமில் தொடங்கினால் வயிறு பழகிக்கொள்ளும். 16ஆம் வாரம் மறுபடி மதிப்பெண் எடுங்கள். பிறகு நான்கு வாரம் நிறுத்திவிட்டு, நோட்டைத் தொடர்ந்து எழுதுங்கள். கொடுத்தபோதும் நிறுத்தியபோதும் அந்த மூன்று வரிசைகளில் வேறுபாடு எதுவும் இல்லையென்றால் அடுத்த டப்பா வாங்க வேண்டாம்.